சூடான பாணும் கறுப்புக் காரும்

கூச்சக்காரர்களுக்குப் பேசத் தெரியாது என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அது பிழை. நாங்கள் நிறையப் பேசுவோம். பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பள்ளிவாசலில் என் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனவனை வீடு வந்து சேரும்வரை வழியெல்லாம் ஏசுவேன். மறுநாள் அவனை நேரில் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டு, அவனுடைய செருப்போடேயே திரும்பி வருவேன். (என்னுடையதை விட அது அரை அளவு சிறியது. ஒரு வருடம் போட்டேன்.)

நான் கல்முனையில் பாண் ஓட்டோ ஓடுகிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆறாம் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று சத்தமாக வாசிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் படிப்பை விட்டதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாண் ஓட்டோவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பாண், அதாவது பேக்கரி ரொட்டி, பிறகு பணிஸ், மீன் பணிஸ். கூரையில் ஒரு குழாய் ஸ்பீக்கர். இந்தத் தொழிலை நான் பிடித்துக்கொண்டதே அந்த ஸ்பீக்கருக்காகத்தான். மீன் விற்கிறவன் கத்த வேண்டும், மரக்கறி விற்கிறவன் கத்த வேண்டும். பாண்காரனுக்காகப் பெட்டி கத்தும். பேக்கரி முதலாளியின் மைத்துனருக்குக் கணீரென்ற குரல். அவர் ஒரு தரம் பேசிப் பதிந்து கொடுத்திருந்தார். முதலில் டிங் டிங் என்று ஓர் இசை வரும், பிறகு அவர் வருவார்: "சூடான பாண், சூடான பணிஸ், இப்பதான் போறணையில இருந்து இறக்கின சூடான பாண்." பன்னிரண்டு வருடங்களாக அவர் பேசினார், நான் ஓடினேன். சனம் தட்டோடு வாசலுக்கு வரும், நான் கையைப் பார்த்து பாணைக் கொடுப்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். கல்முனையிலும் பக்கத்து ஊர் மருதமுனையிலும் எனக்கு ஒரு முந்நூறு கைகளைத் தெரியும். முகம் என்று கேட்டால் பத்துப் பதினைந்து தேறும்.

இப்படி ஒளித்து ஒளித்து வாழ்ந்துகொண்டிருந்தவனுக்கு அல்லாஹ் ஒரு மகளைக் கொடுத்தான். அவள் வளர்ந்தாள். அங்கேதான் பிரச்சினை.

எங்கள் கரையில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கல்யாணம் முடித்து மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். நல்ல வழக்கம்தான், மகள் நம்மோடேயே இருப்பாள். ஆனால் பெண்ணின் வாப்பா போய், இருந்து, வாயைத் திறந்து, "உங்கள் மகனைத் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். கல்யாண வீட்டில் ஆறு பேராக ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது, இறைச்சி மற்றப் பக்கம் இருந்தால் என் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டுக் கை கழுவுகிறவன் நான். ஒரு துண்டு இறைச்சி கேட்க வராதவன் ஒரு முழு ஆளைக் கேட்க வேண்டும்.

மகள் சிபானா அப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே மருந்து வைக்கும் பிரிட்ஜ் பழுதானது. திருத்த வந்தவன் மருதமுனைப் பொடியன், பெயர் நிஸ்பர். மூன்று தரம் வந்து திருத்தினான். (ஒரு தரத்தில் திருத்தக்கூடிய பழுதுதான் அது என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டான்.) சிபானா அதை அவள் உம்மாவிடம் சொன்னாள். என் மனைவி பௌசியா நான்கு நாளில் ஊர் முழுக்க விசாரித்து முடித்தாள். நல்ல பொடியன், தொழுகிறான், தொழில் இருக்கிறது, வாப்பா இல்லை, உம்மாவை நன்றாகப் பார்க்கிறான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராப் பாடுவானாம்" என்றாள்.

ராப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளில் ஸ்பீக்கர் பூட்டிய பொடியன்கள் உண்டு. முதன்முதலில் அதைக் கேட்டபோது யாரோ ஒருவர் போனில் சண்டை பிடிக்கிறார் என்று நினைத்து, காது கொடுப்பது பிழையென்று ஒதுங்கி நின்றேன். பிறகு கவனித்துக் கேட்டேன். எந்த மொழியில் பாடினாலும் சாமான் ஒன்றுதான். எனக்குக் கார் இருக்கிறது. எனக்குச் சங்கிலி இருக்கிறது. என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் பயம். முடிந்தது. அடுத்த பாட்டிலும் அதே காரில் அதே சங்கிலியோடு அதே ஆள் வருவார்.

"அவனுக்கு நான் மகளைக் குடுக்கிறதா?" என்றேன். (தனியாக, கிணற்றடியில்.) ஆனால் பௌசியாவுக்குக் கிணற்றடிக் கதையும் கேட்கும். "பாட்டக் கேட்டுட்டுப் பேசுங்களன்" என்று உள்ளே இருந்தே சொன்னாள்.

சிபானா ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அதில் நிஸ்பரின் நான்கு பாட்டுகள் இருந்தன. "நாலையும் கேளுங்க வாப்பா. கேட்டதுக்குப் பிறகு நீங்க வேணாமெண்டா நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையில், நான் வேண்டாமென்றால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் வேறு எதையும்கூடச் சொல்ல மாட்டாள் என்று விளங்கியது. என்னைப் போலவே அவளும் பேச்சை உள்ளே போட்டுப் பூட்டுகிறவள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நானும் மச்சான் ஹனிபாவும் போய்க் கேட்பதா இல்லையா என்பதை அதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

இது செவ்வாய்க்கிழமை. சங்கதி நடந்தது புதன்கிழமை.

அந்தப் புதன்கிழமை முதலாளி எள்ளுப் பணிஸ் என்று ஒரு புதுச் சாமானை இறக்கினார். பதிவில் அதன் பெயர் இல்லை. ஓட்டோவில் ஒரு மைக் பூட்டித்தான் இருந்தது. பன்னிரண்டு வருடமாக நான் அதைத் தூசு தட்ட மட்டும் தொட்டிருக்கிறேன். "மைக்கப் பிடிச்சி எள்ளுப் பணிஸ் எண்டு ரெண்டு தரம் சொல்லுங்க, வாய் முத்தா உதிர்ந்திரும்?" என்று முதலாளி கேட்டார்.

மருதமுனையில் ஒரு தெருத் திருப்பத்தில் ஓட்டோவை நிறுத்தி, இசையை நிறுத்தி, மைக்கின் சுவிட்சைப் போட்டு, வாயருகே கொண்டுபோனேன். முன்னால் ஒரு பெண் தட்டோடு நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். எள்ளு என்ற சொல்லில் முதல் எழுத்துவரை வந்தேன். அதற்கு மேல் வரவில்லை. ஒரு நீண்ட மூச்சு மட்டும் வந்தது. (டயர் காற்றுப் போகிறது என்று நினைத்ததாக அந்தப் பெண் பிறகு ஊரெல்லாம் சொன்னாள்.) மைக்கைப் பழையபடி கண்ணாடிக்குப் பக்கத்துக் கொக்கியில், என் வாய்க்கு நேராக, தொங்கவிட்டேன்.

சுவிட்சை நிறுத்தவில்லை.

அந்தத் தெருவிலேயே இரண்டு வளவு தள்ளி, முருங்கைமரம் நிற்கும் பச்சைக் கேட் என்று பௌசியா அடையாளம் சொல்லியிருந்தாள். அதுதான் நிஸ்பரின் வீடு. வந்தது வந்தோம், யாருக்கும் தெரியாமல் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். ஒளித்துப் பார்க்கப் போகிறவன் கூரையில் குழாய் ஸ்பீக்கரோடு போவது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை. பச்சைக் கேட்டுக்குச் சற்று இந்தப் பக்கம் நிறுத்தி, ஓட்டோவுக்குள் இருக்கும் சின்ன ரேடியோவில் மகள் தந்த பென் டிரைவைச் செருகினேன். வீட்டைப் பார்த்துக்கொண்டே பாட்டைக் கேட்டால் முடிவெடுக்க லேசாக இருக்கும் என்று ஒரு கணக்கு.

முதல் பாட்டு காதை அடைக்கும் சத்தத்தில் தொடங்கியது.

"கறுப்புக் காரு, கதவத் திறந்தா யாரு,
கழுத்தில தங்கம், கண்ணக் கூசும் பாரு..."

நான் தனியாக இருந்தேன். ஆகவே பேசினேன்.

அன்று நான் பேசியதை மருதமுனையில் அந்தத் தெருக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் உள்ளதைச் சொல்கிறேன். "கார் எங்கடா மனே இருக்கு?" என்று தொடங்கினேன். "நீ வாறது போறது சாச்சாட மோட்டார் சைக்கிள்ல எண்டு விசாரிச்சிட்டம். கழுத்தில தங்கமாம். ஆம்பிளைக்குத் தங்கம் ஹறாம் எண்டு ஒனக்கு ஓதித் தந்த லெப்பை சொல்லல்லயா?" இரண்டாவது பாட்டில் எதிரிகள் வந்தார்கள். எதிரியே ஓடு, எதிரியே ஒளி என்று நிறைய எதிரிகள். "பிரிட்ஜ் திருத்துறவனுக்கு ஆருடா எதிரி? குளிரா?" என்று கேட்டேன். மூன்றாவதில் அவன் வருகிறான், வருகிறான் என்று பாட்டு முழுக்க வந்துகொண்டேயிருந்தான். "வா, வந்து தொலை. வந்து என்ன செஞ்சாய், அதச் சொல்லு. முழுப் பாட்டும் வந்துக்கிட்டே இருக்கிறாய், ஒரு கதிரையில இருந்து ஒரு கதை கதைக்கிறாயில்ல."

இதோடு நிறுத்தியிருக்கலாம். என்னோடு நானே பேசும்போது நான் நல்ல பேச்சாளன். கைதட்டுவதற்கு ஆள் இல்லாததுதான் குறை. சூடு ஏறிவிட்டது. "இந்த ஊரக் கடல் திண்டது. வீடு வீடா ஆளக் கொண்டு போனது. அதுக்கு ஒரு வரி இருக்கா உன்ட பாட்டில? இல்ல. கார், சங்கிலி. கார், சங்கிலி. வெறுஞ் சட்டி மனே. அடிச்சா சத்தம் வரும், உள்ளுக்க ஒண்டுமில்ல."

ரேடியோவை நிறுத்தினேன். அப்போதுதான் ஓட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்தது. தட்டுப் பிடித்த கை. "காக்கா, கதை நல்லாத்தான் இருக்கு. பெட்டிக்குள்ள கிடக்கிறது எள்ளுப் பணிஸா?" என்று ஒரு குரல் கேட்டது. சிரிப்பை அடக்கிய குரல். (காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.)

"என்ன?" என்றேன்.

"என்ன" என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. எதிர்மதிலில் பட்டு இன்னொரு "என்ன" வந்தது. என் குரலை வெளியிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல். தெருவைப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சிலர் கதிரை போட்டு இருந்தார்கள். பச்சைக் கேட் திறந்திருந்தது. சாரமும் பெனியனுமாக, கையில் ஒரு ஸ்க்ரூட்ரைவரோடு, ஒரு பொடியன் நின்றான். அவனுக்குப் பின்னால் தலையில் முக்காடு போட்டபடி அவன் உம்மா. பொடியனின் முகத்தில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடி வாங்கியவன் முகம் அது.

தப்ப வேண்டும் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. ஓட்டோவை எடுக்கும்போது பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் இசையைப் போட்டுவிட்டது. டிங் டிங். "சூடான பாண், சூடான பணிஸ், இப்பதான் போறணையில இருந்து..." அதைக் கேட்டு அடுத்த தெருக்களில் சனம் தட்டோடு வெளியே வந்தது. நான் நிறுத்தவில்லை. இரண்டு பேர் கொஞ்ச தூரம் ஓடியும் வந்தார்கள். வாங்க வந்தவர்களைக் கண்டு ஒரு பாண் ஓட்டோ தப்பி ஓடியதை மருதமுனை அன்றுதான் பார்த்தது.

வீட்டுக்கு எனக்கு முன்னால் செய்தி வந்து, இருந்து, தேத்தண்ணியும் குடித்து முடித்திருந்தது. பௌசியா ஏசவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு அவள் உண்மையாகக் கோபப்பட்டால் ஏசுவதில்லை, பாத்திரம் கழுவுவாள். வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் கழுவினாள். சிபானா அறை வாசலில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நாலாவது பாட்டக் கேட்டீங்களா வாப்பா?"

இல்லை என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் தொழிலுக்குப் போகுமுன் மைக்கைக் கழற்றி அரிசிப் பீப்பாவுக்குள் போட்டு மூடினேன். அதன் வயரையும் வெட்டினேன். பிறகு கடற்கரையோரம், ஆளில்லாத இடத்தில் ஓட்டோவை நிறுத்தி, ஸ்பீக்கருக்குப் போகும் மற்ற வயரையும் பிடுங்கிவிட்டு, நாலாவதைக் கேட்டேன்.

அதில் பாட்டு இல்லை. தாளம் மட்டும் இருந்தது. நிதானமான, பாரமான தாளம். தொடக்கத்தில் யாரோ மூச்சு இழுக்கிறார்கள், பேசப் போகிறவன் இழுப்பது போல. பேசவில்லை. நடுவில் இன்னொரு தரம் மூச்சு. அப்போதும் இல்லை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. கார் இல்லை, சங்கிலி இல்லை, எதிரியும் இல்லை. குறை சொல்ல வாயைத் திறந்தவன் வழக்கத்துக்கு மாறாக மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மகளின் கதவுக்கு வெளியே நின்று, அது என்ன பாட்டு என்று கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அது அவனுடைய வாப்பாவுக்காக. சுனாமியில் கடல் எழும்பியபோது அவனுக்கு எட்டு வயது. வாப்பா அவனைத் தூக்கி ஒரு வீட்டு மொட்டை மாடியில் நின்றவர்களிடம் கொடுத்துவிட்டு, உம்மாவின் உம்மாவைத் தூக்க இறங்கியவர், திரும்பி வரவில்லை. ஐந்து வருடமாக அந்தத் தாளத்தை வைத்திருக்கிறான். சொல் வரவில்லை.

இந்த ஊரைக் கடல் தின்றது, அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று அவன் வீட்டு வாசலில், ஸ்பீக்கரில், கேட்டவன் நான்.

போகாமல் விடலாம் என்று மச்சான் ஹனிபா சொன்னார். பௌசியா விடவில்லை. ஸ்பீக்கரில் ஏசின வாயே போய்க் கேட்கட்டும் என்றாள். கேட்டு இல்லையென்றால் இல்லை, ஆனால் கேட்காமல் இருக்கக் கூடாது, நம்முடைய பிள்ளை என்றாள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு, வெள்ளைச் சாரம் கட்டி, அத்தர் பூசி (பயத்தில் இரண்டு தரம் பூசி), மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து மருதமுனைக்குப் போனேன். பாண் ஓட்டோவில் போக மச்சான் சம்மதிக்கவில்லை. அந்தத் தெரு எங்களை மிகுந்த மரியாதையோடு வரவேற்றது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழும்பி நின்று ஸலாம் சொன்னார்கள். ஒருவர், "இண்டைக்கு எத்தின மணிக்குத் தொடங்கும் காக்கா?" என்று கேட்டார்.

பச்சைக் கேட் திறந்தது. கதிரை போட்டார்கள். எதிரே நிஸ்பர் இருந்தான், தரையைப் பார்த்தபடி. நானும் தரையைப் பார்த்தேன். மச்சான் வயல் விளைச்சலைப் பற்றி, நாவிதன்வெளிப் பக்கம் தண்ணீர் காணாது என்பதைப் பற்றிப் பேசிப் பார்த்தார். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. பிறகு நிஸ்பரின் உம்மா ஒரு தட்டத்தில் பிளேன்டீயும், ஒரு பீங்கானில் வெட்டிய பாணும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். இடதுகைச் சின்ன விரல் சற்று வளைந்த கை. ஒரு றாத்தல் பாணும் இரண்டு மீன் பணிஸும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.

"சாப்பிடுங்க காக்கா. உங்கட பேக்கரிப் பாண்தான்" என்றார்.

ஒரு துண்டை எடுத்தேன்.

"சூடா இருக்கா?"

துண்டைக் கடித்தேன்.

"பன்னிரண்டு வருசமா உங்கட பாண் திங்கிறம். பின்நேரம் அஞ்சு மணிக்கு வருவீங்க. இப்பதான் இறக்கின சூடான பாண் எண்டு சொல்லிக்கிட்டு வருவீங்க. ஒரு நாளாவது சூடா இருந்ததா காக்கா? நாங்க ஸ்பீக்கர் கட்டி ஏசினமா? பாவம், அந்த மனிசனும் ஏதோ சொல்லித்தான் விக்கணும் எண்டு வாங்கித் திண்டம்."

மச்சான் ஹனிபா சிரிக்காமல் இருப்பதற்காகச் சுடுதண்ணீராக இருந்த தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். நான் கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தேன். அவர் சொன்னது முழு உண்மை. பகல் ஒரு மணிக்குப் பெட்டியில் ஏற்றும் பாண் அது. அந்த ஸ்பீக்கருக்குக் கீழே நான் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இல்லாத சூட்டைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டு, இல்லாத காருக்காக ஒரு பொடியனை ஏசியிருக்கிறேன். அவனாவது தாளத்தில் சொன்னான்.

நிஸ்பர் அப்போதுதான் வாயைத் திறந்தான். "நீங்க சொன்னதில பிழை இல்ல மாமா. காரெண்டா ரெண்டு நிமிசத்தில எழுதலாம். இல்லாதத சொல்றது லேசு. உள்ளதச் சொல்லப் போனாத்தான் வாய் வருகுதில்ல."

வாய் வராத விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஆகவே பேசினேன். எதிரே மூன்று பேர் இருக்கும்போது நானாகப் பேசிய முதல் பேச்சு.

"நாலாவது கேட்டன்" என்றேன். "அதுதான் நல்லம்."

"அதுல ஒண்டுமில்லயே மாமா."

"மூச்சு இருக்கு. நானும் அண்டைக்கு மைக்கப் பிடிச்சி மூச்சுத்தான் விட்டன். எள்ளுப் பணிஸ் எண்டு சொல்ல ஏலாமப் போச்சு. நீ எவ்வளவு பெரிய விஷயத்தச் சொல்லப் பார்க்கிறாய். ஐஞ்சு வருசம் என்ன, பத்து வருசம் எடு."

அவன் உம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். நாலாவது என்ன என்று அவருக்குத் தெரியாது. அவன் மெதுவாகச் சொன்னான். அவர் அந்த வளைந்த விரல் கையால் அவன் தலையை ஒரு தரம் தடவினார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பி, "என்ன விஷயமா வந்தீங்க எண்டு இன்னும் சொல்லல்லயே காக்கா?" என்றார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் கேட்கிறவர்கள் கேட்டால்தான் கேட்டதாகும்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் முருங்கைமரத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்தேன். மறுபடியும் மூச்சு மட்டும் வந்தது.

நிஸ்பர் தலையைத் தூக்கி, "மைக் ஒண்டு கிடக்கு உள்ளுக்க. எடுத்துத் தரட்டா மாமா?" என்றான்.

சிரிப்பு வந்தது. முதலில் எனக்கு, பிறகு எல்லோருக்கும். கேட்டுக்கு வெளியே நின்ற தெருவுக்கும் வந்தது. அந்தச் சிரிப்பிலேயே என் வாய் திறந்துகொண்டது. "எங்கட மகளுக்கு உங்கட மகனக் கேட்டு வந்திருக்கம்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இந்த இடத்தில்தான் இரண்டு வீட்டாரும் வீடு, வளவு, நகை என்று பேசத் தொடங்குவார்கள். நிஸ்பரின் உம்மா அதொன்றையும் கேட்கவில்லை. "தருவம். ஒரே ஒரு பேச்சு" என்றார். "இவன் பாட்டில இருந்து காரை இறக்கட்டும். நீங்க பாணில இருந்து சூட்டை இறக்குங்க."

மச்சான் ஹனிபா அதை இரண்டு வீட்டார் ஒப்பந்தமாக அந்த இடத்திலேயே மும்முறை சொல்லி உறுதிப்படுத்தினார். எங்கள் பக்கத்தில் இதற்குமுன் யாரும் சூட்டை இறக்கி மாப்பிள்ளை எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இது நடந்து நாலு வருடம். நிஸ்பர் இப்போது எங்கள் வீட்டு மனிதன். வந்து இரண்டாம் கிழமையே என் ஓட்டோவுக்குப் புதிய பதிவு செய்தான். தாளம் அவனுடையது, குரல் என்னுடையது. அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, அவனையும் வெளியே அனுப்பிவிட்டு, பத்தொன்பது தரம் பேசிப் பதிந்தேன். "பகல் சுட்ட பாண், இப்ப ஆறிப் போன பாண், பிளேன்டீல தோச்சா பஞ்சு போல பாண், இருக்கிறதச் சொல்றன், எடுக்கிறவங்க எடுங்க." முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார், வியாபாரம் படுத்துவிடும் என்று. படுக்கவில்லை. கூடவும் இல்லை. முன்பு விற்ற அளவுதான் விற்கிறது. சனத்துக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நாடு முழுக்கச் சாமான் தட்டுப்பாடான ஒரு வருடத்தில் ஒரு வீட்டுக்குப் பிரிட்ஜ் திருத்தப் போனவன் ஒரு பாட்டோடு வந்தான். "திருத்தித் தந்தேன், குளிர் வந்தது, திறந்து பார்த்தேன், தண்ணீர் இருந்தது, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு வீட்டுக் குடும்பம்." அதைக் கேட்டேன். இரண்டாம் தரம் போடச் சொன்னேன். அவனுடைய கார்ப் பாட்டைக் கேட்டவர்களில் பாதிப்பேர்கூட அதைக் கேட்கவில்லை என்று சொன்னான். ஆனால் கேட்ட ஒருவர் அந்த வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு மூட்டை அரிசியோடு போனாராம். இதுவரை எந்தக் காரும் ஒரு பாட்டிலிருந்து இறங்கி வந்து அரிசி கொடுத்ததாக நான் அறியேன்.

எங்கள் தெரு மோட்டார் சைக்கிள்களில் இன்னும் கறுப்புக் கார்கள்தான் ஓடுகின்றன. நான் இன்னும் ஏசுகிறேன், மருமகன் திரும்பப் பூட்டித் தந்த மைக்கைச் சோதித்துவிட்டு. ஆனால் முன்போல ஏச வாய் வருவதில்லை. அந்தக் காருக்குப் பின்னால் யாருக்கு என்ன நாலாவது பாட்டு இருக்கிறதோ, யார் கண்டது. நிஸ்பரின் நாலாவதில் இப்போது ஆறு வரிகள் இருக்கின்றன. போன நோன்பில் மூன்று வந்தது, பேத்தி பிறந்தபோது இரண்டு. கடைசி வரி போன மாதம், அவன் உம்மா சொல்லிக் கொடுத்தது. முடியட்டும், அவசரமில்லை.

வீட்டில் நிலைத்துப்போனது வேறொன்று. யார் அளவுக்கு மீறிப் பேசினாலும் எங்கள் வீட்டில் ஏசுவதில்லை. "சூடான பாண்" என்று மட்டும் சொல்வோம். நாளைக்கே கூரையைத் திருத்துகிறேன் என்று மச்சான் சொன்னால், சூடான பாண். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று நிஸ்பர் போனில் சொன்னால், சூடான பாண். மூன்று வயதுப் பேத்தி, சோற்றைக் கதிரைக்குக் கீழே கொட்டிவிட்டு முடிச்சிட்டன் என்பாள். நாங்கள் வாயைத் திறக்குமுன் அவளே, "சூடான பாண்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

இதை எழுதி முடித்ததும் பௌசியாவை இருத்தி, முதலில் இருந்து வாசித்துக் காட்டினேன். சத்தமாக, எழும்பி நின்று, ஆறாம் வகுப்பில் வாசிக்காததற்கும் சேர்த்து. அடுப்படியிலிருந்து மகளும் மருமகனும் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டாரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை, கடைசிவரை வாசித்தேன். முடிந்ததும் எப்படி என்று கேட்டேன்.

எல்லாம் சரி, அந்தத் தொடக்கம் மட்டும் சரியில்லை என்றாள் பௌசியா. நான் கூச்சக்காரன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்த இடம்.

"சூடான பாண்" என்றாள்.